கிளாவிகார்டு: தொடக்கக்கால விசைப்பலகை இசையில் அதன் இடம் எது?

கௌசிகைக்கரை, சோமனூர்

அனைவருக்கும் வணக்கம். சோமனூரில் என் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து, லண்டன் தேர்வுகளுக்கும் அவர்களைத் தயார்செய்து வருகிறேன். மேல்நிலைத் தேர்வுகளுக்குப் போகப் போக யோஹான் செபாஸ்டியன் பாக், அவருடைய மகன் கார்ல் பிலிப் எமானுவேல் பாக் ஆகியோரின் உருப்படிகள் பாடத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. இவை பியானோவுக்கென்றே பிறந்தவை என்ற எண்ணத்தில்தான் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அந்தக் காலத்துக் கருவிகள் வேறு என்று சொல்லி, ஹார்ப்சிகார்டு எப்படித் தந்தியைச் சுண்டி ஒலிக்கிறது என்பதை என்னால் விளக்கிவிட முடிகிறது. கிளாவிகார்டு என்று வரும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது.

அதைப் பற்றி நான் படித்தவையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வசதியில்லாத மாணவர்களும் ஆர்கன் வாசிப்பவர்களும் வீட்டில் பழகுவதற்கு வைத்திருந்த எளிய கருவி அது என்கிறார் ஒருவர். விசைப்பலகைக் கருவிகளிலேயே விரலின் உணர்வை முழுமையாக ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்கிறார் இன்னொருவர். அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது என்ற செய்தியை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. தறி ஓடும் நேரத்தில் வீட்டுக்குள் பேசவே குரலை உயர்த்த வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு யோசிக்கும்போது, இவ்வளவு மெல்லிய ஒலியுள்ள கருவியை நானூறு ஆண்டுகள் மக்கள் எதற்காக வைத்து வாசித்தார்கள் என்பது எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அதற்கென்று தனி இசை உண்டா, பழகுவதற்கு மட்டும்தானா? என் கீபோர்டின் ஒலிப்பட்டியலில் ஹார்ப்சிகார்டுக்கு அடுத்து 'கிளேவி' என்று ஒன்று இருக்கிறதே, அது இதுதானா? இவற்றோடு இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் எதையும் செய்து கொடுக்கும் கைகள் இருக்கின்றன. இப்படி ஒரு கருவியை இங்கேயே செய்ய இயலுமா?

பேரூர்ப் படித்துறை

சோமனூர் அம்மணிக்கு வணக்கம். நீங்கள் படித்த இரண்டு கூற்றுகளும் உண்மைதான். கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் அவை முரண்படுவதாகத் தோன்றாது.

கிளாவிகார்டு ஒரு நீள்சதுரப் பெட்டி. சிறியதாக இருந்தால் மேசைமேல் வைத்து வாசிப்பார்கள்; பெரியதற்குக் கால்கள் உண்டு. தந்திகள் வாசிப்பவருக்கு முன்னால் இடமிருந்து வலமாக, விரலால் அழுத்தும் கட்டைகளுக்குக் குறுக்காகச் செல்லும். வலப்புறத்தில் ஒலிப்பலகையும் அதன்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையும் இருக்கும். இடப்புறத்தில், பாவுக்குள் ஊடை புகுந்து வருவதுபோலத் தந்திகளின் நடுவே கம்பளித் துணி நாடா பின்னப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டையின் பின்பகுதியிலும் ஒரு சிறு பித்தளைத் தகடு நிமிர்ந்து நிற்கும். அதை டேன்ஜென்ட் என்பார்கள். கட்டையை அழுத்தியதும் பின்பகுதி எழுந்து, அந்தத் தகடு தந்தியை அடியிலிருந்து தட்டுகிறது. தட்டியபின் விலகிவிடாமல், விரல் கட்டையில் இருக்கும் வரைக்கும் தந்தியிலேயே ஊன்றி நிற்கிறது. தகட்டிலிருந்து குதிரை வரையுள்ள நீளம் ஒலிக்கிறது. இடப்பக்கத்து மிச்சத்தைத் துணி அமுக்கிவிடுகிறது. விரலை எடுத்தால் தந்தி முழுவதும் துணியின் பிடிக்குள் வந்து ஒலி நின்றுபோகிறது.

ஒலி மெல்லியதாக இருப்பதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. பியானோவில் சுத்தியல் தந்தியின் உட்பகுதியில் ஓரிடத்தில் அடித்துவிட்டு உடனே விலகுவதால், அடிபட்ட இடமும் சேர்ந்து தாராளமாக அதிர்கிறது. கிளாவிகார்டில் அடி விழும் புள்ளியே தந்தியின் எல்லை. எல்லையில் தந்தி அசைய முடியாது. அசையாத இடத்தில் கொடுக்கப்படும் விசையில் சிறிதளவே ஒலியாக மாறுகிறது. எவ்வளவு பெரிய பெட்டி செய்தாலும், எவ்வளவு நல்ல மரம் போட்டாலும், இந்த வரம்பைத் தாண்ட முடியாது.

ஆனால் விரலும் தந்தியும் ஒன்றையொன்று விடாமல் தொட்டுக்கொண்டிருப்பது இந்த அமைப்பில் மட்டுமே கிடைக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலிதான் வரும். பியானோவில் வலிமையைக் கூட்டிக் குறைக்கலாம் என்றாலும், சுத்தியல் தந்தியை விட்டு விலகிய பிறகு அந்தச் சுரத்தை விரலால் எதுவும் செய்ய முடியாது. கிளாவிகார்டில் சுரம் ஒலித்து முடியும் வரைக்கும் அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. தேவைக்கு மேல் அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும்; தயங்கித் தொட்டால் தகடு சரியாக ஊன்றாமல் ஒலி கரகரக்கும். அழுத்தத்தைச் சீராகக் கூட்டியும் குறைத்தும் ஒரே சுரத்தை அசைத்து வாசிப்பதும் உண்டு. ஜெர்மானியர் அதைப் பேபுங் என்றனர். மெல்லியது என்ற எல்லைக்குள்ளேயே மிக மெல்லியது, சற்று மெல்லியது, ஓரளவு எழுந்தது என்று எத்தனையோ படிகள் அந்த விரலுக்குக் கிடைக்கின்றன.

இப்போது அதன் காலத்துக்கு வருகிறேன். 1404இல் எபர்ஹார்ட் ஃபான் செர்ஸ்னே எழுதிய ஜெர்மன் கவிதையில் கிளாவிகார்டும் ஹார்ப்சிகார்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. 1440ஐ ஒட்டி, பர்கண்டி அரசவையில் மருத்துவராகவும் வானியல் அறிஞராகவும் இருந்த ஆரி ஆர்னோ என்பவர் அதன் அமைப்பை வரைபடத்தோடு எழுதிவைத்திருக்கிறார். தேதி பொறிக்கப்பட்டு இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, 1543இல் டொமினிகோ தா பெசாரோ செய்தது. லைப்சிக் நகர இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அதன் செல்வாக்கு மிகுதி. தோமாஸ் தெ சாந்தா மரியா என்ற துறவி 1565இல் வெளியிட்ட நூலில் கையை வைக்கும் நிலை, விரலை எடுக்கும் முறை என்று அவர் விரிவாகச் சொல்பவை இந்தக் கருவியை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டவை. அதே நாட்டில், பார்வையற்றவராகிய அந்தோனியோ தெ கபெஸோன் இயற்றியவற்றை அவர் மறைந்தபின் அவருடைய மகன் 1578இல் அச்சிட்டபோது, விசைக்கருவி, யாழ்வகை, கிட்டாரைப் போன்ற விகுவேலா ஆகிய எதிலும் வாசிக்கலாம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இந்தத் தலைப்பில் இருக்கிறது. 'கிளாவிகார்டுக்கு மட்டும்' என்று முத்திரையிட்ட இசை அந்த நூற்றாண்டுகளில் மிகக் குறைவு. வீட்டில் எந்த விசைக்கருவி இருந்ததோ அதில் வாசித்தார்கள். பல வீடுகளில் இருந்தது இதுதான். விலை குறைவு, இடம் குறைவாக அடைக்கும், ஹார்ப்சிகார்டைப் போல, தந்தியைச் சுண்டும் இறகை அடிக்கடி மாற்ற வேண்டிய தொல்லை கிடையாது. ஆர்கன் வாசிப்பவர்களுக்கோ இது இன்றியமையாதது. தேவாலயத்தில் ஆர்கனில் பழக வேண்டுமென்றால் துருத்தி மிதிக்க ஆள் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், குளிர்காலத்தில் கணப்பில்லாத கட்டடத்தில் விரல் விறைக்க உட்கார வேண்டும். அதனால்தான் இரண்டு கிளாவிகார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் காலால் வாசிக்கும் மூன்றாவதையும் சேர்த்தார்கள். கெர்ஸ்டன்பெர்க் என்பவர் 1760களில் செய்த அப்படியொரு கருவி அதே லைப்சிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழகும் கருவி என்ற நிலையிலிருந்து அது மேலெழுந்து நின்றது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில்தான். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் பணியாற்றிய கார்ல் பிலிப் எமானுவேல் பாக், விசைக்கருவி வாசிக்கும் முறையைப் பற்றி 1753இலும் 1762இலும் இரண்டு பகுதிகளாக எழுதிய நூலில், ஒருவருடைய வாசிப்பின் தரத்தை அறியக் கிளாவிகார்டே ஏற்றது என்று கருதுகிறார். 1772இல் ஹாம்பர்க் நகரில் அவரைச் சந்தித்த ஆங்கில இசையறிஞர் சார்ல்ஸ் பர்னி, அவர் தம்மிடமிருந்த, சில்பர்மன் என்பவர் செய்த கிளாவிகார்டில் வாசித்ததைக் கேட்டு எழுதியிருப்பதை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். மெதுவான உருப்படிகளில் நீண்ட சுரம் வரும்போதெல்லாம் துயரத்தில் எழும் குரலைப் போன்ற ஒன்றை அவர் வரவழைத்தார் என்றும், அது கிளாவிகார்டில் மட்டுமே, ஒருவேளை அவரால் மட்டுமே இயலும் என்றும் பர்னி சொல்கிறார். 1781இல் அந்தக் கருவியைப் பிரிய நேர்ந்தபோது அதற்கு விடைகொடுக்கும் விதமாக எமானுவேல் பாக் ஒரு ரோண்டோ (தொடக்கப் பகுதி திரும்பத் திரும்ப வரும் உருப்படி) இயற்றினார். அதைக் கிளாவிகார்டின் சொந்த இசை என்று தயங்காமல் சொல்லலாம். இன்றைய பியானோவில் வாசித்தால், அதில் குறிக்கப்பட்டிருக்கும் பேபுங்கை எழுத்தில் பார்த்துக்கொள்ளலாமே தவிர ஒலியில் கொண்டுவர முடியாது.

அதற்குப் பிறகு பியானோ வளர்ந்தது, இசை அரங்குகள் பெரிதாயின, இந்தக் கருவி ஒதுங்கிவிட்டது. 1890களில் இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் பழைய கருவிகளைப் பார்த்துப் புதியவை செய்யத் தொடங்கிய பிறகே மீண்டும் கைகளுக்கு வந்தது.

அமராவதிக்கரை வீணை, கரூர்

பேரூர் ஐயா எழுதியதைப் படித்ததும், வீணை வாசிக்கிறவள் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லத் தோன்றுகிறது.

வீணையில் வலக்கை மீட்டுகிறது, இடக்கை மெட்டின்மேல் தந்தியை அழுத்தி அது எவ்வளவு நீளம் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஐயா விவரித்தபடி பார்த்தால், கிளாவிகார்டின் பித்தளைத் தகடு மீட்டும் விரலாகவும் மெட்டாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்ட வேலையை அங்கே ஒரே விரல் செய்கிறது. ஒரு கட்டைக்கு ஒரு விரல் போதும் என்பதால் பத்து விரலாலும் பல குரல்களை ஒருங்கே வாசிக்க முடிகிறது. வீணையில் அதற்கு வழியில்லை.

பேபுங்கும் நம் கமகமும் ஒன்றே என்று சிலர் எழுதுகிறார்கள். பௌதிகம் ஒன்று என்பது வரைக்கும் அது சரி, ஏனென்றால் இரண்டிலும் தந்தியின் இழுவிசை கூடுவதால்தான் சுருதி ஏறுகிறது. அதற்கு மேல் ஒப்பிடுவது இரண்டு இசைகளுக்கும் நியாயம் செய்வதாகாது. நாங்கள் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று சுரங்கள் வரை மேலே போய் வருகிறோம். அந்த அசைவு இல்லாவிட்டால் தோடியில் காந்தாரமே இல்லை. கிளாவிகார்டில் தகடு தந்தியை மேல்நோக்கிச் சற்றே தள்ளுவதால் வரும் ஏற்றம் ஒரு சுரத்தின் மிகச் சிறிய பகுதி. அது சுரத்துக்கு உயிர்ப்பைக் கொடுக்கிறது. ராகத்தின் உருவத்தைக் கொடுப்பதில்லை. எனவே அந்தக் கருவியில் நம் இசையை வாசித்துவிடலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது எந்த இசைக்காகப் பிறந்ததோ அந்த இசையில்தான் அதன் அருமை தெரியும்.

ஒலியின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு வீணை எவ்வளவு பேருக்குக் கேட்டிருக்கும்? எங்கள் அம்மிச்சி வீட்டில் மாலையில் விளக்கு வைத்தபின் வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வாசிப்பவரை நெருங்கி உட்கார்ந்து கேட்பதற்கென்றே பிறந்த கருவிகளைக் கச்சேரி மேடையின் அளவுகோலால் அளந்தால் அவை எப்போதும் குறையுள்ளவையாகவே தோன்றும்.

குனியமுத்தூர் ஒலிக்கூடம்

அக்காவுக்கு வணக்கம். பதிவுக்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் 'கிளேவி' பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் ஒலிப்பட்டியலில் இருப்பது கிளாவிகார்டு அன்று. ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் சகாரியாஸ் 1960களில் வடிவமைத்த கிளேவினெட் என்ற மின்கருவியின் ஒலி அது. கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் முனை தந்தியை ஓர் உலோகப் பரப்பின்மேல் அழுத்திப் பிடிக்க, கிட்டாரில் இருப்பது போன்ற பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றும். தந்தியைத் தொட்டபடியே நிற்பதும், ஓரத்தில் நூலிழை சுற்றி ஒலியை அமுக்குவதும் கிளாவிகார்டிடமிருந்து வந்தவை. பளீரென்று வெட்டி ஒலிக்கும் குணமோ முற்றிலும் வேறு. அந்த ஒலியில் பாக் வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தவறான எண்ணம்தான் பதியும்.

கிளாவிகார்டின் ஒலிப்பதிவைக் கீபோர்டில் ஏற்றி வாசித்தாலும் ஒரு குறை தீராது. நம்மிடம் இருக்கும் சாதாரண கீபோர்டுகள் கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை மட்டும் அளக்கின்றன. இறங்கிய பின் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. சில விலையுயர்ந்த கருவிகள் அந்த அழுத்தத்தையும் அளக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு விரலை அழுத்தினால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து அசையும். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக அளப்பவை மிகச் சிலவே.

ஒலிப்பதிவு கேட்கும்போது ஒலியளவைக் கூட்டாதீர்கள். ரால்ஃப் கிர்க்பாட்ரிக் கிளாவிகார்டில் வாசித்த பாக் பதிவுகள் கிடைக்கின்றன. இரவில், தறி நின்ற பிறகு, இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும் அளவில் வைத்துக் கேளுங்கள். ஒலிவாங்கியைத் தந்திக்கு அருகில் வைத்து எடுத்த பதிவைப் பெரிதாக வைத்தால் கட்டைகளின் மரச்சத்தமும் தகடு படும் சத்தமும் முன்னால் வந்து நிற்கும், சுரம் பின்னால் போய்விடும்.

கௌசிகைக்கரை, சோமனூர்

மூவருக்கும் மிக்க நன்றி. மீட்டும் விரலும் மெட்டும் ஒன்றே என்று கரூர் அக்கா சொன்னதை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

பேரூர் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பல கட்டைகள் ஒரே தந்தியைப் பகிர்ந்துகொள்ளும் வகை ஒன்று உண்டு என்று படித்தேன். அப்படியானால் அந்தக் கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் ஒரு சுரம்தானே கேட்கும்? அதில் பெரிய பாக் எழுதிய இன்வென்ஷன்களையும், 24 சுருதிகளிலும் அவர் எழுதிய பிரெலூடு, ஃபியூக் தொகுப்பையும் எப்படி வாசித்திருப்பார்கள்? அவர் கிளாவிகார்டை விரும்பினார் என்பது உறுதியான செய்திதானா?

பேரூர்ப் படித்துறை

நல்ல கேள்வி, அம்மணி. ஒலிக்கும் நீளத்தைத் தகடே தீர்மானிப்பதால், ஒரே தந்தியில் வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று தகடுகள் பட்டு வெவ்வேறு சுரங்களைத் தர முடியும். பழைய கருவிகளில் மூன்று, நான்கு கட்டைகள்கூட ஒரு தந்தி இணையை, அதாவது ஒரே சுரத்துக்குச் சேர்ந்து ஒலிக்கும் இரண்டு தந்திகளை, பகிர்ந்துகொண்டன. பிற்கால ஜெர்மன் கருவிகளில் பெரும்பாலும் இரண்டிரண்டுதான்: சி, சி ஷார்ப் ஒரு தந்தி, எஃப், எஃப் ஷார்ப் ஒரு தந்தி, இப்படிப் போகும். டி, ஏ ஆகிய இரண்டுக்கும் தனித் தந்தி இருக்கும். அடுத்தடுத்த அரைச்சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் இடம் அந்த இசையில் அரிது என்பதால் இழப்பு குறைவு. தந்திகள் குறைவதால் பெட்டி சிறிதாகிறது, சுருதி சேர்க்கும் வேலையும் எளிதாகிறது. இதற்கு மாறாக, ஒவ்வொரு கட்டைக்கும் தனித் தந்தி இணை உள்ள ஐந்து ஸ்தாயிக் கருவியில் 61 கட்டைகளுக்கு 122 தந்திகள் சேர்க்க வேண்டும்.

வாசிப்பவருக்கு இது ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. சி, சி ஷார்ப் என்று மேலே போகும்போது முதல் கட்டையை விடாமலேயே இரண்டாவதை அழுத்தினாலும் மேல் சுரம் ஒலித்துவிடும், ஏனென்றால் அதன் தகடு குதிரைக்கு அருகில் இருக்கிறது. கீழே இறங்கும்போது அப்படியில்லை. மேல் கட்டையை முழுமையாக விட்டால்தான் கீழ்ச் சுரம் பிறக்கும். ஒவ்வொரு விரலையும் உரிய நேரத்தில் எடுக்க வேண்டும் என்று நாம் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வதை இந்தக் கருவி தானாகவே கண்டித்துத் திருத்திவிடும்.

இன்வென்ஷன்கள் பெரும்பாலும் எளிய சுருதிகளில் இருப்பதால் இவ்வகைக் கருவியிலேயே அவற்றில் மிகுதியானவற்றை வாசிக்கலாம். 1723இல் பாக் அவற்றுக்கு எழுதிய முன்னுரையில், பாடுவதைப் போல வாசிக்கும் முறையைக் கைவரப்பெறுவது இவற்றின் முக்கிய நோக்கம் என்கிறார். பாடுவதுபோல வாசிப்பதைக் கற்றுத்தர இதைவிடக் கண்டிப்பான கருவி அந்த வீட்டில் வேறு எது இருந்திருக்க முடியும்? 1722ஆம் ஆண்டுப் பிரெலூடு, ஃபியூக் தொகுப்பு வேறு வகை. அதில் சி ஷார்ப் மேஜரில் வரும் பிரெலூடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருதியில் ஏழாம் சுரமாகிய பி ஷார்ப்பை நாம் சி கட்டையில்தான் வாசிக்கிறோம். அதுவும் ஆதார சுரமும் ஒரே தந்தியில் வந்து விழுகின்றன. தந்தி பகிராத வகையில்தான் அதை நிம்மதியாக வாசிக்க முடியும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வகை செய்யப்படத் தொடங்கிவிட்டாலும், தந்தி பகிரும் வகை அந்நூற்றாண்டோடு நின்றுவிடவில்லை. 1780களிலும் ஹூபர்ட் போன்ற தேர்ந்த கைவினைஞர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

பெரிய பாக்குக்குக் கிளாவிகார்டே மிகவும் பிடித்திருந்தது என்று 1802இல் வரலாறு எழுதியவர் ஃபோர்கெல். பாக்கின் மகன்களோடு கடிதத் தொடர்பில் இருந்தவர் என்றாலும், அவர்களுடைய தலைமுறையின் விருப்பத்தைத் தந்தையின்மேல் ஏற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகிறார்கள். 1750இல் பாக் மறைந்தபின் எழுதப்பட்ட உடைமைப் பதிவுகளில், பெடலோடு கூடிய மூன்று விசைக்கருவிகளைத் தந்தை தமக்கு உயிரோடு இருந்தபோதே கொடுத்துவிட்டார் என்று இளைய மகன் யோஹான் கிறிஸ்டியான் உரிமை கொண்டாடியது பதிவாகியுள்ளது. அது பெடல் கிளாவிகார்டுதான் என்று கருதுவோர் உண்டு. எனக்கும் அந்தக் கருத்தே பொருத்தமாகப் படுகிறது. தந்தை எதை நேசித்தார் என்பதில் வழக்கு இருக்கலாம். மகன் நேசித்தது இதைத்தான் என்பதில் வழக்கே இல்லை. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எமானுவேல் பாக்கிலிருந்து தொடங்குங்கள்.

கணபதி பேட்டர்ன் கடை, கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, செய்து கொடுப்பது எங்கள் தொழில். உலோகம் ஆறும்போது சுருங்குவதைக் கணக்கிட்டு மரத்தை அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகச் செதுக்கிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே எழுதியவற்றைப் படித்தபோது, கிளாவிகார்டில் எது கடினம், எது எளிது என்று ஓரளவு சொல்ல முடியும் என்று தோன்றியது.

பெட்டியும் கட்டைகளும் நல்ல ஆசாரிக்குப் பெரிய வேலையே இல்லை. கட்டை என்பது நடுவில் ஓர் ஆணியின்மேல் ஆடும் மரப்பட்டை. பின்முனை ஒரு பிளவுக்குள் நேராக ஏறி இறங்கினால் போதும். பியானோவில் இருப்பது போன்ற சிக்கலான நெம்புகோல் வரிசை எதுவும் கிடையாது. உள்ளங்கையளவு பித்தளைத் தகடு இருந்தால் ஒரு கருவிக்கு வேண்டிய தகடுகளையெல்லாம் வெட்டிவிடலாம்.

கடினம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, தகடு தந்தியில் படும் இடம். தந்தி பகிரும் வகையில் ஒரு சுரத்துக்கு 500 மில்லிமீட்டர் ஒலிக்கும் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதே தந்தியில் அரைச்சுரம் மேலே போக, இன்றைய சம இடைவெளிச் சுருதியில், ஏறக்குறைய 472 மில்லிமீட்டரில் அடுத்த தகடு பட வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அரைச்சுரத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி விலகும். தனித் தந்தியாக இருந்தால் தந்தியை இறுக்கும் ஆணியை முறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். பகிரும் தந்தியில் ஆணியைத் திருப்பினால் இரண்டு சுரமும் சேர்ந்து நகரும். தகட்டையே குறட்டால் மெல்ல வளைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மெல்லிய தந்திக்கு நீளம் குறையக் குறைய இந்தப் பிசகு இன்னும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது, ஒலிப்பலகை. ஐரோப்பாவில் வடக்கே ஸ்ப்ரூஸ் மரத்தையும், இத்தாலியில் பெரும்பாலும் சைப்ரஸ் மரத்தையும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் இலேசானவை, நேரான இழை உள்ளவை. நம் பக்கத்துத் தேக்கும் பலாவும் பெட்டிக்கும் கட்டைக்கும் சிறந்தவை. மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்த ஒலிப்பலகைக்கு அவை கனமாகிவிடும் என்பது என் கருத்து. எந்த மரமானாலும் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரிந்து சுருங்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடந்து, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும் நம் ஊரில், பலகையைக் காய்ந்த பருவத்திலேயே ஒட்ட வேண்டும். ஈரக் காலத்தில் ஒட்டினால் அடுத்த கோடையில் அது சுருங்க இடமில்லாமல் வெடித்துவிடும்.

முழுக் கருவி செய்வதற்கு முன்பு ஒரே ஒரு கட்டை உள்ள மாதிரி செய்து பாருங்கள் என்பேன். ஒரு மீட்டர் நீளப் பலகை, அதில் இரண்டு பித்தளைத் தந்தி, வலப்பக்கம் மெல்லிய பலகைமேல் ஒரு குதிரை, இடப்பக்கம் கம்பளித் துணி, நடுவில் தகடு பொருத்திய ஒரு கட்டை. வரைபடம் யாராவது கொடுத்தால் நான் செய்து தருகிறேன். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்றால் மரத்துக்கும் தந்திக்கும் ஆகும் செலவு மட்டும் போதும்.

பேரூர்ப் படித்துறை

கணபதித் தம்பிக்கு என் நன்றி. வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன். கட்டை ஒன்றுதான் என்றாலும் அதில் இரண்டு தகடு பொருத்த இடம்விட்டுச் செய்யுங்கள். தம்பி சொன்ன 500, 472 கணக்கைப் பிள்ளைகள் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மணி, மாதிரி கைக்கு வந்ததும் முதலில் சுருதி காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே சுரத்தை மெல்லியதாக ஒரு முறை, சற்று எழுந்ததாக ஒரு முறை வாசித்து, இரண்டு முறையும் முள் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். தொடும் வேகத்தைக் கூட்டிவிட்டு, அழுத்தத்தை மட்டும் கூட்டாமல் இருப்பது முதலில் யாருக்கும் வராது. அது வந்தபிறகு முள்ளை வேண்டுமென்றே இரு பக்கமும் சீராக அசைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின் கீபோர்டுக்குத் திரும்பி, பெடலைத் தொடாமல், முதல் இன்வென்ஷனின் முதல் இரண்டு வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். தறி நிற்கும் நேரமாகப் பார்த்து வகுப்பை வைத்துக்கொள்வது நல்லது.